தட்டிக்கு இருபுறமும் என் வகுப்பு

சென்ற மாதம் எங்கள் கல்லூரியில் சர்வே பாடம் நடத்தும் இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் வேலை பார்த்த காலத்தில் அது எஞ்சினியரிங் பள்ளிக்கூடம். இப்போது கல்லூரி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை நீளமாகியிருக்கிறது, கட்டடம் அதே கட்டடம்தான். வந்தவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, உங்க காலத்துல ஒரு வகுப்புக்கு எத்தனை பேருங்க?" என்று கேட்டார்.

"கேக்கறது யாருங்கறதைப் பொறுத்து" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பள்ளிச் சம்பளம் கட்டும் ஜன்னலில் கேட்டால் அறுபத்திரண்டு. சர்க்கார் கேட்டால் முப்பத்தொன்று. என் தொண்டையைக் கேட்டால் அது எண்ணிக்கை சொல்லாது, இருமும். அந்த முப்பத்தொன்றும் அறுபத்திரண்டும் ஒரு நாள் கொல்லிமலையில் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட கதையை அவரிடம் சொன்னேன். "எழுதிக் கொடுங்க ஐயா, ஆண்டு மலர்ல போடறோம்" என்றார். போடமாட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் வகுப்பில் பதினோரு பேர். சர்வேக் கருவியின் காலில் கை பட்டால் எங்கள் வாத்தியார் கையிலேயே அடிப்பார். அடி வாங்கியே கற்றேன். படித்து முடித்து, சில வருஷம் ரோடு வேலையில் வெயிலில் காய்ந்து, பிறகு சேலம் ஜில்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்தேன். பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வாத்தியார் வேலை என்ற நினைப்பில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது, ஏதோ கல்யாண வீட்டுக்குள் தவறி வந்துவிட்டோம் என்று வெளியே வந்து பலகையைப் படித்துப் பார்த்தேன்.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் வேதாசலம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லாத மனிதர். யாராவது குறை சொல்ல வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திர நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரில் இருப்பது தெரியாது. தெரியாதது இல்லாதது என்பது அவர் கட்சி. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, எதிரில் இன்னும் நாம் நிற்பதைக் கண்டால், "அட, இன்னும் போகலீங்களா?" என்று பிரியமாகக் கேட்பார்.

ஒரு வாத்தியாரிடம் ஒரே நேரத்தில் முப்பத்தைந்து பேருக்கு மேல் படிக்கக் கூடாது என்று சர்க்காரிடமிருந்து உத்தரவு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"சர்க்கார் சொல்றது நெசந்தானுங்க வாத்தியாரே" என்றார். "பிரிச்சே ஆகோணும்."

இரண்டாவது வாத்தியார் வரப்போகிறார் என்று நான் வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வந்தது ஒரு மூங்கில் தட்டி. கூடத்தின் நடுவில் அதை நிறுத்தி, இந்தப் பக்கம் ஏ பிரிவு, அந்தப் பக்கம் பி பிரிவு என்று ஆக்கிவிட்டார்கள். தட்டியின் முனையில் நான் நின்றேன். ஒவ்வொரு பிரிவுக்கும் என்னில் பாதி தெரியும். கரும்பலகை சுவரில் அறைந்தது, நகர்த்த முடியாது, அது ஏ பக்கம் போய்விட்டது. ஆகையால் ஏ பிரிவினர் நான் எழுதுவதைப் பார்த்தார்கள். பி பிரிவினர் நான் எழுதும் சத்தத்தைக் கேட்டார்கள்.

கால அட்டவணையில் ஏ பிரிவுக்குக் காலை, பி பிரிவுக்கு மாலை. உண்மையில் இரண்டும் காலையில் முடிந்துவிடும். மாலையில் பண்டக சாலையில் ஆணியும் கயிறும் எடுத்துக் கொடுக்க என்னை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஆணி எண்ணிக்கொண்டே நான் பி பிரிவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்ததாகச் சர்க்கார் நம்பியது.

பாடத்தில் முக்கியமானது தியோடலைட் என்ற கருவி. மூன்று கால்மேல் உட்கார்ந்திருக்கும் சின்னத் தொலைநோக்கி. ரோடு எங்கே வளைய வேண்டும், பாலம் எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்று கோணம் பார்த்துச் சொல்வது. அதை நிறுத்தி, சமன் செய்து, கண் வைத்துப் பார்க்கத் தெரியாதவன் ஓவர்சியரானால், அவன் போடும் ரோடு நேராக அவன் மாமியார் வீட்டுக்குத்தான் போகும். எங்களிடம் இருந்தது ஒரே தியோடலைட். மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். பின்னால் நிற்பவன் "போதும்டா" என்று சொல்லும்வரை ஒருவன் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. பின்னால் நிற்பவனோ முன்னவன் குனியும்போதே "போதும்டா" என்று தொடங்கிவிடுவான். போதாக்குறைக்கு "அடுத்த ஆளு, அடுத்த ஆளு" என்று நானும் விரட்டுவேன். அந்தக் கண்ணாடி வழியாகப் பெரும்பாலோர் கண்டது தங்கள் சொந்த இமை மயிரை.

அதையும் காணாதவன் பழனியப்பன். பி பிரிவு, கடைசி பெஞ்சு. வரிசையில் இடித்துக்கொண்டு முன்னேறத் தெரியாத பிள்ளை. "நீ போ, நீ போ" என்று எல்லாருக்கும் வழி விடுவான். அவன் முறை வரும்போது மணி அடித்துவிடும். மூன்றாம் வருஷம் வரைக்கும் அப்படியே போய்விட்டது. படிப்பு முடிந்ததும் ஜில்லா போர்டில் ரோடு ஓவர்சியர் வேலை அவனுக்குத் தயாராகக் காத்திருந்தது. மற்ற பையன்களுக்கு அது கொண்டாட்டமாக இருந்திருக்கும். அவனோ பயந்துகொண்டு வந்து நின்றான்.

"நான் குச்சி அடிக்கற எடத்துலதானுங்க சார் ஆளுங்க வெட்டுவாங்க" என்றான் என்னிடம். "அந்தப் பொட்டிக்குள்ள என்ன தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க. ஒருக்காவாச்சும் நின்னு நெதானமாப் பாக்கோணுமுங்க."

"மலையில சர்வே முகாம் வருதே, அங்கே பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்வது?

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். வராதவனுக்குப் பதிலாக வந்தவன் ஆஜர் சொல்வது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. எங்கள் பள்ளியில் அது தருமமாகவே வளர்ந்திருந்தது. கூப்பிட்ட பெயர் எதுவும் அநாதையாகத் தரையில் விழக் கூடாது. யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரே ஆள் நாலு பேருக்குச் சொன்னால் நாலு தொண்டையில் சொல்வான். தட்டி வந்த பிறகு எனக்கு முகமும் தெரியாமல் போனதால், கலை நன்றாகச் செழித்தது.

முகாம் கொல்லிமலையில், பெரக்கரை நாடு என்ற ஊர்த்தொகுதியில். ரோடு கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து காலால் நடந்து மேலே ஏற வேண்டும். காகிதத்தில் அதுவும் இரண்டு: ஏ பிரிவு முதலில் போய் வரும், பி பிரிவு திங்கட்கிழமை தொடங்கும். சூப்பரின்டென்டென்டுக்கு மலைக்காய்ச்சல் என்றால் எமன். "காய்ச்சலுக்கு எதுக்குங்க ரெண்டு சந்தர்ப்பம் குடுக்கறது? எல்லாரையும் ஒரே தடவையாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க" என்று, அறுபத்திரண்டு பேரையும் ஒரு தியோடலைட்டையும் ஒரு டப்பா கொயினா மாத்திரையையும் என் தலையில் கட்டிவிட்டு, தாம் சேந்தமங்கலத்துப் பங்களாவில் இறங்கிக்கொண்டார். முகாமை அங்கிருந்தே மேற்பார்வை பார்ப்பதாக ஏற்பாடு. பங்களா ஜன்னலில் மலை நன்றாகத் தெரியும்.

அறுவடையான சாமைக் காட்டில் கூடாரம் போட்டோம். காட்டுக்காரர் சடையக் கவுண்டர் கருவியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இத்தனை பேருக்கும் இந்த ஒரு பொட்டிதானுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப மத்தவங்கெல்லாம் என்னுங்க பண்ணுவாங்க?"

"வரிசையில் நிப்பாங்க."

"அதுக்குப் பரிச்சை உண்டுங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் கீழேயிருந்து சுமைகாரர் ஒருவர் மூச்சிரைக்க ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். சூப்பரின்டென்டென்டின் அழகான கையெழுத்து. சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாராம். நாளைக் காலை மலை ஏறுகிறாராம். 'பி பிரிவு அங்கே இருக்கக் கூடாது. அது இன்னும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறது' என்று முடித்திருந்தார்.

மறுநாள் பேளுக்குறிச்சிச் சந்தை. இன்ஸ்பெக்டர் சேந்தமங்கலத்து வழியாக ஏறுவார், சந்தைக்குப் போகும் தடம் வேறு. முப்பத்தொரு பேரையும் விடியும்போதே அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, மறுநாள் ஏறி வந்தால் போதும் என்று முடிவு செய்தேன். பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். பழனியப்பன் மட்டும் வந்து நின்றான்.

"சார், நாளைக்குக் கூட்டம் பாதிதானுங்க. நான் இங்கயே இருக்கட்டுங்களா?"

"நீ பி பிரிவுடா."

"ஏ பிரிவு ராமலிங்கம் சந்தைக்குப் போறேங்கறானுங்க. அவனுக்குப் பதிலா நான், எனக்குப் பதிலா அவன். எண்ணிக்கை சரியா வந்துருமுங்க."

பாடம் கேட்பதற்காக ஒருவன் ஆள்மாறாட்டம் செய்ய அனுமதி கேட்டது என் அனுபவத்தில் அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

மறுநாள் காலை முப்பத்தொரு பேருடன் பாடத்தைத் தொடங்கினேன். என்னவோ நடந்தது. நான் கத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. ஒருவன் திருகாணியைத் தப்பாகத் திருப்பியபோது அவன் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்ட நேரம் இருந்தது. மக்கு என்று நான் முடிவுகட்டி வைத்திருந்த இரண்டு பேர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் யோசிக்க வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. சம்பளம் வாங்கிய அத்தனை வருஷத்திலும் அன்று காலைதான் நான் வாத்தியாராக இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பையன்களைக் கூப்பிட்டு எதிர் மேட்டுக்குக் கோணம் பார்க்கச் சொன்னார். சரியாகச் சொன்னார்கள். என் பக்கம் திரும்பி, "ரொம்ப சந்தோஷம். எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

"இன்னைக்குக் கொஞ்சம் விசேஷமா அமைஞ்சுருச்சுங்க சார்" என்றேன். அது பொய்யில்லை.

வரிசை நகர்ந்தது. பழனியப்பன் வழக்கம்போல எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் ஒருவன் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் எழுந்து, "ஆஜர் எடுத்துடலாமா?" என்று வருகைப் பதிவேட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வரிசை கலைந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பழனியப்பன் கருவியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

ஏ பிரிவு ஒழுங்காகப் போயிற்று. 'ராமலிங்கம்' என்றபோது பழனியப்பன் காது சிவக்க "பிரசன்ட் சார்" என்றான். கடைசிப் பெயரும் ஆயிற்று. நான் மூச்சு விட்டேன். இன்ஸ்பெக்டர் விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். தெரிந்து புரட்டினாரோ, கை பழக்கத்தில் புரட்டினாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

"அழகேசன்" என்று படித்தார்.

அழகேசன் அந்த நேரத்தில் பேளுக்குறிச்சியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். பெயர் அந்தரத்தில் நின்றது. தரையில் விழப்போகிறது என்று தெரிந்ததும் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், "பிரசன்ட் சார்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இத்தனை வருஷப் பயிற்சி ஒரு சீட்டால் மறந்துபோகுமா? அடுத்த பெயருக்குக் கட்டைக் குரல். அதற்கடுத்ததற்குக் கீச்சுக் குரல். குப்புசாமிக்கு அந்த வாரம் சளி. அவனுக்காகச் சொன்னவன் இரண்டு தடவை இருமிவிட்டு, "பிரசன்ட் சார்" என்றான். என் கண்ணாலும் கையாலும் நான் காட்டிய ஜாடை ஒருவனுக்கும் புரியவில்லை. தருமம் தலைக்கேறியிருந்தது. "பழனியப்பன்" என்றதும் அவன் வாயைத் திறப்பதற்குள் வேறு யாரோ முந்திக்கொண்டான். பி பிரிவில் நிஜமாகவே வந்திருந்த ஒரே ஆளுக்கும் ஆஜர் சொன்னது இன்னொருவன்தான்.

இன்ஸ்பெக்டர் தலை நிமிராமல் கடைசிவரை படித்தார். பிறகு குடை நுனியால் தலைகளை எண்ணினார்.

"தலை முப்பத்தொண்ணு, குரல் அறுபத்திரண்டு" என்றார். "மலையில எதிரொலி ஜாஸ்தியோ?"

பையன்களுக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை பேரும் கீழே குனிந்து சாமைத் தாளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள்.

"இதுல பழனியப்பன் யாரு?" என்று எதேச்சையாகக் கேட்டார். இல்லாத ஆட்களில் ஒரு பெயரைத் தொட்டார், அவ்வளவே. அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"நான்தானுங்க சார். ராமலிங்கம்னு சொன்னதும் நான்தானுங்க." "பி பிரிவுங்க சார். அந்தப் பொட்டியில கண்ணு வெச்சுப் பாக்கோணும்னுதான் இன்னொருத்தன் பேர்ல வந்தேனுங்க. வேலை கையில இருக்குதுங்க, வேலை தெரியாதுங்க. கீழ அறுபத்திரண்டு பேருக்கு நடுவுல மூணு வருஷமா என் முறையே வரலீங்க. இன்னைக்கு இன்னும் ஒரே ஆளுதானுங்க பாக்கி."

இன்ஸ்பெக்டர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"உங்க பிரிவுக்கு முகாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. நீங்க எப்படி இங்கே இருக்க முடியும்? கீழே போங்க."

அவன் கருவியை ஒரு தடவை பார்த்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். இன்ஸ்பெக்டரைப் பாறையோடு சேர்த்து உருட்டிவிடலாமா என்று தோன்றியது.

"மத்தவங்க எங்கே?" என்று என்னைக் கேட்டார்.

"பேளுக்குறிச்சிச் சந்தையிலங்க சார்." இனி மறைக்க என்ன இருக்கிறது? தட்டி, பண்டக சாலை, மாலை வகுப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. கடைசியில், "திங்கட்கிழமை பி பிரிவுக்கு முகாம்னு எழுதியிருக்கே. நான் இருந்து அதையும் பார்த்துட்டுப் போறேன். உங்க சூப்பரின்டென்டென்டையும் வரச் சொல்லுங்க. அவர்தானே ஏற்பாடு பண்ணினது" என்றார்.

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. காகிதத்தில் இருந்த பொய்யை நிஜமாக்கிக் காட்டுங்கள் என்கிறார். ஏ பிரிவு மூட்டை கட்டி இறங்கியது. சூப்பரின்டென்டென்ட் டோலியில் ஏறி வந்தார். கழுத்தில் கம்பளித் துண்டு, மூக்கில் கற்பூரம் கட்டிய கைக்குட்டை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பழனியப்பன் பேரை அடிச்சுருங்க வாத்தியாரே. ஆள்மாறாட்டமுங்க. நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க, போதும்."

"என்னன்னுங்க எழுதறது? வகுப்புக்கு வந்துட்டான்னா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் நகரவில்லை. துடைத்து முடிந்து மாட்டிய பிறகும் நான் நின்றேன். எனக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரும் வந்து நிற்பதைக் கண்டார். புகார்ப் பேச்சு அதோடு நின்றது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருமுன் பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் வாய் கசக்கும். இன்ஸ்பெக்டர் நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் அது மேலே போய்ப் பல மேஜைகளில் தங்கி இறங்கி வந்தபோது, எங்கள் பள்ளியில் ஆஜர் எடுக்கும் முறை சரியில்லை என்று மட்டும் சுருங்கியிருந்தது. அதற்காக ஒரு புது உத்தியோகம் கொடுத்தார்கள். ஆசிரியர் உத்தியோகமில்லை, ஆஜர் எடுக்க ஒரு குமாஸ்தா. இப்போது ஊழியர் இரண்டு பேர் என்று காட்டி, மறு வருஷம் வகுப்பை எண்பதாக்கினார் சூப்பரின்டென்டென்ட். தட்டி இரண்டாயிற்று. நடுப் பிரிவினருக்கு நான் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை. பரீட்சையில் அவர்கள்தான் நன்றாக எழுதினார்கள். என்னைப் பார்க்க வந்த இளைஞரிடம் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். "பதிவேட்டுல எல்லாரும் வாராங்க ஐயா. நெசமாவே எல்லாரும் வந்துட்டா உக்கார எடமில்லீங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை பி பிரிவு முறைப்படி வந்து சேர்ந்தது. சந்தையிலிருந்து திரும்பியவர்களும், மலை இறங்காமல் பாதி வழியில் நின்றுவிட்ட பழனியப்பனும் இரண்டு நாளாகச் சடையக் கவுண்டர் ஊரில்தான் தின்று தூங்கினார்கள். இருந்தும் கவுண்டர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "வாங்க கண்ணு, இப்பத்தான் மலைக்கே வாரீங்களா?" என்று எல்லாரையும் வரவேற்றார்.

குழு குழுவாகப் பிரித்தேன். சிலர் சங்கிலி பிடித்து அளக்கப் போனார்கள், சிலர் மேடு பள்ளத்துக்குச் சமமட்டம் பார்க்கப் போனார்கள். தியோடலைட் குழுவில் மற்றவர்கள் கொடிக்கம்பத்துடன் எதிர் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். கருவியிடம் பழனியப்பன் ஒருவன். கால்களை ஊன்றினான், கலைத்தான், மறுபடி ஊன்றினான். சமன் செய்தான். பிறகு குனிந்து கண்ணை வைத்தான்.

அப்படியே நின்றான். கொடி தெரிந்துவிட்டது என்று அவன் முதுகைப் பார்த்தே தெரிந்தது. சூப்பரின்டென்டென்ட் கம்பளிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பழக்கம் யாரை விட்டது? என் வாய் தானாகத் திறந்தது.

"போதும்டா. அடுத்த ஆளு."

அவன் கண்ணை எடுக்கவில்லை.

"அடுத்த ஆளு யாருமில்லீங்க சார்" என்றான்.